கொடையாளர் வீட்டிலேயே இருக்கிறார்

ரத்தப் புற்றுநோய் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஊரில் உடனே வந்து விழும் வாக்கியம் ஒன்று உண்டு. பொருத்தமான ஸ்டெம் செல் கொடையாளர் கிடைத்தால் பிழைத்துவிடலாம், கிடைக்காததால்தான் நோயாளிகள் இறக்கிறார்கள் என்பது அது. கல்லூரிகளில் நடக்கும் பதிவு முகாம்களும் வாட்ஸ்ஆப்பில் சுற்றும் வேண்டுகோள்களும் இந்த ஒரு வாக்கியத்தின் மீதுதான் நிற்கின்றன. சென்னையின் மேற்குப் புறநகரைப் பாருங்கள். அம்பத்தூரின் மென்பொருள் வளாகங்கள், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துப் பொறியியல் கல்லூரிகள் என்று பதினெட்டு வயது தாண்டிய ஆரோக்கியமான இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் வட்டாரம் இது. முகாம் போட இதைவிடத் தோதான இடம் சென்னையில் கிடையாது. 2009 முதல் சென்னையிலிருந்து இயங்கும் தாத்ரி பதிவேட்டில் இன்று ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்காக ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, சில மணி நேரம் இயந்திரத்தோடு கையைப் பிணைத்துக்கொண்டு படுத்திருக்கச் சம்மதிப்பவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. என் சண்டை அவர்களோடு அல்ல. கொடையாளர் பஞ்சம்தான் முதல் தடை என்ற கணிப்போடுதான். அந்தக் கணிப்பு இருபது ஆண்டுகளுக்கு முன்பு பெருமளவு சரியாக இருந்தது. இன்று அது தவறு. தவறு என்பதோடு நிற்கவில்லை, உண்மையான தடைகளை நம் கண்ணிலிருந்து மறைத்தும் வைக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் மிக வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். ஒருவரின் ஸ்டெம் செல் இன்னொருவர் உடலில் வேரூன்ற எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்கள் பொருந்த வேண்டும். உடன்பிறந்த ஒருவரோடு அவை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆறேழு பிள்ளைகள் பிறந்த காலத்தில் அந்தக் கணக்கு நோயாளிக்குச் சாதகமாக இருந்தது. வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள், பல வீடுகளில் ஒன்று என்றாகிவிட்ட தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேருக்கு உடன்பிறந்த கொடையாளர் கிடைக்க மாட்டார். வெளிநாட்டுப் பதிவேடுகளிலோ இந்திய வம்சத்தவர் குறைவு. ஆகவே நம் நாட்டிலேயே பெரிய பதிவேடு வேண்டும் என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வையே பாருங்கள். 2014-ல் லான்செட் ஹீமட்டாலஜி இதழில் வந்த அந்தக் கணக்கீட்டின்படி, பதிவேட்டில் 10 லட்சம் இந்தியர்கள் சேர்ந்தாலும் முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம்தான். அத்தனை முகாம்களும் வெற்றி பெற்ற பிறகும் பத்தில் நான்கு பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். பெயர் கொடுத்தவர்கள் அனைவரும் அழைப்பு வரும் நாளில் வந்துவிடுவதும் இல்லை. திருமணம், வெளிநாட்டு வேலை, வீட்டாரின் பயம், மாறிப்போன கைப்பேசி எண் ஆகியவை எல்லாப் பதிவேடுகளையும் அரிக்கின்றன. எல்லாம் கூடி வந்தாலும், வெளிக் கொடையாளரின் ஸ்டெம் செல்லைத் தேடி, உறுதிசெய்து, சேகரித்துக் கொண்டுவரப் பல லட்சம் ரூபாய் ஆகும். வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் அது இன்னும் எகிறும். சிகிச்சைச் செலவு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

இதற்கிடையில் மருத்துவம் வேறொரு வழியைத் திறந்துவிட்டது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், பாதி மட்டும் பொருந்தும் உறவினரின் ஸ்டெம் செல்லைச் செலுத்திவிட்டு, மூன்றாம் நான்காம் நாட்களில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற பழைய, மலிவான மருந்தைக் கொடுத்தார்கள். நோயாளியின் உடலைத் தாக்கக் கிளம்பும் கொடையாளரின் வெள்ளணுக்கள் அதில் அழிகின்றன, ஸ்டெம் செல்கள் தப்பிவிடுகின்றன. 2008-ல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகு இந்த முறை உலகெங்கும் பரவியது, இந்தியாவிலும் வேரூன்றியது. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ஹாப்லோ என்கிறார்கள். இதன் பொருள் என்ன? பெற்ற தாய் பாதி பொருந்துவார், தந்தை பாதி பொருந்துவார், பெற்ற பிள்ளையும் அப்படியே. உடன்பிறந்தவர்களில் இருவரில் ஒருவர் பாதி பொருந்துவார். தமிழ்நாட்டுக்கு இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் இங்கே சொந்தத்துக்குள்ளேயே நடக்கிறது. மரபு நோய்கள் விஷயத்தில் அதற்குக் கெட்ட பெயர், அது நியாயமும்கூட. ஆனால் மாமன், அத்தை, சித்தப்பா பிள்ளைகளிடையே முழுப் பொருத்தமே கிடைக்கும் வாய்ப்பை அந்த வழக்கம் கூட்டுகிறது. வெளியாளைத் தேடுமுன் சொந்தபந்தத்தைப் பரிசோதிப்பது இங்கே வீண் வேலை அல்ல.

பாதிப் பொருத்தம் முழுப் பொருத்தம் ஆகுமா என்று கேட்பார்கள். ஆகாது, அப்படி யாரும் சொல்லவும் கூடாது. இரு தரப்புக்கும் அதே சைக்ளோஃபாஸ்ஃபமைடு முறையைக் கொடுத்து ஒப்பிட்ட அண்மை ஆய்வுகளில், வீரியம் குறைந்த முன்சிகிச்சை பெற்றவர்களிடையே முழுப் பொருத்தம் கொண்ட வெளிக் கொடையாளர்தான் ஓரளவு முந்தினார். ஆனால் நோயாளியின் முன்னால் இருக்கும் தேர்வு அது அல்லவே. இன்றே தயாராக வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கும், மாதக்கணக்கில் தேடிய பின் கிடைக்கலாம் அல்லது கிடைக்காமலும் போகலாம் என்ற அந்நியருக்கும் இடையேதான் தேர்வு. அதுவரை நோய் பொறுத்துக்கொண்டிருக்காது. தீவிர ரத்தப் புற்றுநோயில், கீமோவுக்குப் பிறகு நோய் அடங்கியிருக்கும் அந்தச் சில வாரங்களில் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நடந்தாக வேண்டும். தவறவிட்டால் நோய் திரும்பும். தொப்புள்கொடி ரத்தத்தையும் பாதிப் பொருத்த உறவினரையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட அமெரிக்கச் சோதனையின் முடிவு 2021-ல் வந்தது. இரண்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள், உறவினரின் கொடை பெற்றவர்களில் 57 சதவீதம், தொப்புள்கொடி ரத்தம் பெற்றவர்களில் 46 சதவீதம்.

தொப்புள்கொடி என்றதும் ஒரு கிளைப் பேச்சு தவிர்க்க முடியாதது. புறநகர்க் குழந்தைப்பேற்று மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளின் கையில் திணிக்கப்படும் வண்ணத் துண்டறிக்கைகள், பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் உறையவைப்பது ஆயுள் காப்பீட்டுக்குச் சமம் என்கின்றன. கொடையாளர் பஞ்சம் என்ற அச்சத்தின் வணிகக் கிளை இது. ரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரை இதில் ஒரு அடிப்படை ஓட்டை இருக்கிறது. குழந்தைப் பருவ ரத்தப் புற்றுநோய்களில் பலவற்றின் முதல் மரபணுப் பிழை பிறக்கும்போதே ரத்தத்தில் இருப்பதை, பிறந்த உடன் எடுத்த ரத்தத் துளிகளை வைத்து பிரிட்டன் ஆய்வாளர் மெல் கிரீவ்ஸ் குழுவினர் 1997-லேயே காட்டிவிட்டார்கள். அந்த விதையை அதே பிள்ளைக்குத் திரும்பச் செலுத்துவதை எந்த மருத்துவர் விரும்புவார்? தன் தொப்புள்கொடி ரத்தம் தனக்கே பயன்படும் வாய்ப்பு 0.04 முதல் 0.0005 சதவீதம் வரைதான் என்று இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் கணக்குச் சொல்லியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் தனியார் சேமிப்பைப் பரிந்துரைப்பதில்லை. அந்தச் சேமிப்புக்குக் கட்டும் பணத்தில் ஒரு குடும்பம் பல ஆண்டு மருத்துவக் காப்பீட்டுத் தவணை கட்டிவிடலாம்.

கொடையாளர் வாதத்தில் இன்னும் ஆழமான பிழை ஒன்று இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் என்றாலே மாற்று சிகிச்சைதான் விடிவு என்று அது கற்பித்துவிட்டது. ஆனால் நம் நாட்டில் ரத்தப் புற்றுநோயாளிகளைப் பெருமளவில் காப்பாற்றிய மாற்றங்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது. மும்பை டாடா மருத்துவமனையில் 1983-லும் வேலூர் சி.எம்.சி.யில் 1986-லும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது பெருமைக்குரியதுதான். அதே எண்பதுகளில் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் டாடாவும் எய்ம்ஸும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற ஒரே மருந்துத் திட்டத்தைக் கைக்கொண்டன. குழந்தைகளின் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் பிழைப்போர் எண்ணிக்கையை அதுவே உயர்த்தியது, எந்தக் கொடையாளரும் இல்லாமல். புரோமைலோசைட்டிக் வகையில் வேலூர் மருத்துவர்கள் இன்னும் துணிந்தார்கள். ஆர்சனிக் டிரைஆக்சைடை மட்டுமே கொடுத்து 72 பேருக்குச் சிகிச்சை செய்து, 2006-ல் பிளட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். மூன்றாண்டு பிழைப்பு சுமார் 86 சதவீதம். பணக்கார நாடுகளின் விலையுயர்ந்த மருந்துக் கூட்டை வாங்க முடியாத நோயாளிகளுக்காகத் தொடங்கிய முயற்சி அது. உலகம் பின்னால் வந்து ஆர்சனிக்கை முதல்நிலை சிகிச்சையாக ஏற்றுக்கொண்டது.

நாள்பட்ட மைலாய்ட் வகையின் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. தொண்ணூறுகளில் அந்த நோய்க்கு நிரந்தரத் தீர்வு மாற்று சிகிச்சை ஒன்றுதான், கொடையாளர் இல்லாதவர் கைவிடப்பட்டவர். 2001-ல் இமாடினிப் மாத்திரை வந்தது. அதன்பின் அந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் மாற்று சிகிச்சை அறையின் வாசலைக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அதைக் கொண்டுவந்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு அன்று மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய் ஆனது, இந்தியத் தயாரிப்புக்குப் பத்தாயிரத்தை ஒட்டி. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று அலைந்து, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் நோவார்ட்டிஸின் தோல்வியோடு முடிந்தது. அந்தத் தீர்ப்பு காப்பாற்றிய உயிர்களை எந்தக் கொடையாளர் பட்டியலாலும் காப்பாற்றியிருக்க முடியாது. மருந்தின் விலை, மருந்துத் திட்டத்தின் ஒழுங்கு, அதைக் கடைசி வரை முடிக்க நோயாளியால் முடிகிறதா என்பது: ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தவை இவைதான்.

மாற்று சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படும் நோயாளி ஒருவரை அம்பத்தூரில் வைத்துப் பார்ப்போம். 1960-களில் உருவான தொழிற்பேட்டை, சிறு பட்டறைகளின் ஊர். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் வாங்குபவர், பத்துப் பேராவது வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால், இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வருவார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கோ குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் பத்தாயிரம். எட்டுப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறையில் பதினெட்டாயிரம் வாங்கும் டர்னர் எங்கே போவார்? இ.எஸ்.ஐ. கிடையாது, காப்பீட்டு அட்டைக்குச் சட்டப்படி தகுதி கிடையாது. ஊதியம் 22,000 ஆகிவிட்டால் பெரிய நிறுவனத் தொழிலாளியும் காலப்போக்கில் இதே பள்ளத்தில் விழுவார். வருமானச் சான்றிதழில் என்ன தொகை எழுதப்படுகிறது, எப்படி எழுதப்படுகிறது என்பது ஊரறிந்த ரகசியம். ஓர் உயிர் அந்தத் தயவில் தொங்குவது திட்டத்தின் வெற்றி ஆகாது. தனியார் மருத்துவமனையில் பிறர் கொடையோடு நடக்கும் மாற்று சிகிச்சைக்குப் பதினைந்து இருபது லட்சம் என்பது சாதாரணப் பேச்சு. தாய் கொடையாளராகத் தயாராக நின்றாலும் இந்தக் குடும்பத்துக்கு அந்தத் தயார்நிலையால் பயன் என்ன?

சரி, இ.எஸ்.ஐ.க்குள் இருப்பவர் தப்பித்தாரா? சாதாரண நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள், ஊதியத்தில் 70 சதவீதம். நோயை அடக்கும் கீமோவுக்கே நான்கைந்து மாதம் போகிறது. அதற்குப் பின் மாற்று சிகிச்சை, அதற்குப் பின் கண்ணுக்குள் வைத்துக் காக்க வேண்டிய முதல் நூறு நாள். 91 நாள் எதற்குக் காணும்? புற்றுநோய் போன்றவற்றுக்கு 80 சதவீத ஊதியத்தில் இரண்டாண்டு வரை நீளும் உதவி இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் அதைப் பெற இரண்டாண்டு தொடர்ந்த காப்பீட்டு வேலையும் 156 நாள் சந்தாவும் வேண்டும். அம்பத்தூரிலும் ஆவடிப் பாதுகாப்புத் தொழிற்சாலைகளைச் சுற்றியும் ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் சந்தா அறுபடும் தொழிலாளிக்கு அந்தத் தொடர்ச்சி எங்கிருந்து வரும்? நோய் வந்த நாளிலிருந்து இந்த நிபந்தனையைத் தளர்த்துவது ஒரு சுற்றறிக்கையில் முடியக்கூடிய காரியம். அதைக் கேட்டு முகாம் போடுபவர் எவரையும் காணோம்.

அறுவைக் கத்தி படாத இந்தச் சிகிச்சையில் உயிர் போவதும் நிற்பதும் பெரும்பாலும் தொற்றில்தான் தீர்மானமாகிறது. வெள்ளணுக்கள் அடியோடு வற்றிய இரண்டு மூன்று வாரங்களில் நோயாளியின் குடலில் இருக்கும் கிருமியே அவரைக் கொல்லப் போதும். இந்தியாவில் அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காததாக இருக்கும் வாய்ப்பு அதிகம். கடைசிக்கட்ட ஆன்டிபயாட்டிக்குகளையும் தோற்கடிக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதி கிருமிகளில் பரவலாக இருப்பதை 2010-ல் உலகுக்கு அறிவித்த லான்செட் ஆய்வின் மாதிரிகளில் ஒரு பகுதி சென்னையிலிருந்தே போனது. மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்ள மருத்துவர்கள் கூடி சென்னைப் பிரகடனம் என்று ஒன்றை எழுதியதும் அதன் தொடர்ச்சிதான். வார்டைவிட்டு வந்த பிறகும் தொற்று அபாயம் தீர்வதில்லை. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் மாதக்கணக்கில் ஓடும். வைரஸ் தலைதூக்குகிறதா என்று அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளை ஒவ்வொன்றாக மறுபடி போட வேண்டும். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில் ஏறினால் எதிரிலேயே அரசுப் பொது மருத்துவமனை, அங்கே மாற்று சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது. தூரம் பிரச்சினையே இல்லை என்று வரைபடம் சொல்லும். ஆனால் மாற்று சிகிச்சை முடிந்து நாற்பதாம் நாளில் இருக்கும் ஒருவர் காலை எட்டு மணி ரயில் பெட்டியில் முண்டியடித்து ஏறக் கூடாது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் நேரே போனால் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம், அதன் ரத்தவியல் துறை அங்கேதான் இருக்கிறது. அங்கும் சிகிச்சைக்குப் பின் மூன்று மாதம் பக்கத்திலேயே வாடகைக்குத் தங்க வேண்டும், கூட ஒருவர் வேலையை விட்டு இருக்க வேண்டும். வார்டுக்குள் நடப்பதை மட்டும் கணக்கிடும் காப்பீட்டுத் தொகுப்பில் இந்த வாடகைக்கும் ஆட்டோவுக்கும் ஆறு மாத மாத்திரைக்கும் இடமில்லை. பெற்ற சிகிச்சையைக் காப்பாற்றும் செலவைக் கொடுக்காமல் சிகிச்சைக்கு மட்டும் லட்சங்களைக் கொடுப்பது அரசுப் பணத்தையும் வீணாக்கும். மாற்று சிகிச்சைக்கான தொகுப்பை ஓராண்டுத் தொகுப்பாக எழுதினால் இது தீரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் நோயைக் கண்டுபிடிப்பது இருக்கிறது. மழைக்காலத்தில் காய்ச்சலும் தட்டணுக் குறைவும் என்றால் புறநகர் கிளினிக்குகளில் டெங்கு என்றுதான் மனம் போகும், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ரத்தப் புற்றுநோயும் இதே முகத்தோடு வரலாம். இரண்டு வாரத்தில் தட்டணு ஏறாவிட்டால் ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்வதும், காரணம் தெரியாமல் ஸ்டீராய்டு எழுதாமல் இருப்பதும் போதும். நோயை மூடி மறைத்துவிடும் அந்த ஒரு ஸ்டீராய்டு ஊசி, பின்னால் செய்யப்போகும் முழுச் சிகிச்சையின் பலனையே குறைத்துவிடக்கூடும்.

பதிவேட்டால் யாருக்கு என்ன நஷ்டம், அதுவும் நடக்கட்டுமே என்பது கடைசித் தற்காப்பு. நடக்கட்டும். குடும்பத்தில் யாரும் உடல்நலத்தோடு இல்லாதவர்களுக்கும், உறவினர் செல்லை எதிர்க்கும் ஆன்டிபாடி உடலில் இருப்பவர்களுக்கும் வெளிக் கொடையாளர் தேவை, அவர்களுக்காகப் பதிவேடு வளர வேண்டும். ஆனால் ஓர் ஊரின் நல்லெண்ணம் வற்றாத ஊற்று அல்ல, அதை எங்கே திருப்புகிறோம் என்பது முக்கியம். பதிவேட்டில் பெயர் கொடுத்த இளைஞரில் மிகப் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க அழைக்கப்படவே மாட்டார்கள். அதே இளைஞரின் தட்டணு இந்த வாரமே தேவைப்படுகிறது. சேகரித்த தட்டணுவின் ஆயுள் ஐந்து நாள். மாற்று சிகிச்சை நோயாளி ஒருவருக்கு அது திரும்பத் திரும்ப வேண்டும், அதுவும் கதிர்வீச்சு செலுத்தியதாக. இன்றைக்கு அந்தப் பொறுப்பு நோயாளியின் அண்ணன் தலையில் விழுகிறது. அவர் நள்ளிரவில் நண்பர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கல்லூரி மாணவர்கள் முறைவைத்து வாரம் நான்கு பேர் தட்டணு கொடுக்க உறுதி சொன்னால், அந்த வட்டாரத்து நோயாளிகளுக்கு அது பெரிய பதிவு முகாமைவிட அதிகம் செய்யும். சுவரொட்டியில் மட்டும் அது எடுப்பாகத் தெரியாது.

புதிய தொழில்நுட்பம் வந்து இந்தச் சச்சரவையே தீர்த்துவிடும் என்று நம்புபவர்களும் உண்டு. 2023 அக்டோபரில் இந்தியாவிலேயே உருவான முதல் கார்-டி சிகிச்சைக்கு ஒப்புதல் கிடைத்தது, மும்பை ஐ.ஐ.டி.யின் ஆய்விலிருந்து பிறந்தது. நோயாளியின் சொந்த வெள்ளணுக்களையே வெளியே எடுத்து, புற்றைத் தாக்கப் பழக்கி, மறுபடி செலுத்துகிறார்கள். கொடையாளர் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை, எச்.எல்.ஏ. பொருத்தமும் வேண்டாம், பதிவேடும் வேண்டாம். கொடையாளர் பஞ்சம்தான் தடை என்பது உண்மையாக இருந்தால், இந்தச் சிகிச்சை வந்த நாளிலேயே அம்பத்தூர் டர்னருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். அமெரிக்க விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இது. ஆனாலும் முப்பது லட்சத்துக்கு மேல்.